தேயிலைப் பெட்டி எந்த ஊரு மரம்?

அந்தக் காலத்துல நம்ம இலங்கை மலையகத்துத் தோட்ட லயத்துல, அதான் தொழிலாளர் வரிசை வீட்டுல, தேயிலைப் பெட்டி இல்லாத காம்பராவே இருக்காது. ப்ளைவுட்டு, ஓரமெல்லாம் தகரப்பட்டி, உள்ள ஈயத்தாள். ஸ்டோர்ல, அதான் தேயிலை ஃபெக்டரியில, கழிச்சு விட்டதத் தூக்கிட்டு வந்து துணி அடுக்க, அரிசி கொட்ட, மேல சாக்க விரிச்சு உக்கார, எல்லாத்துக்கும் அதுதான். ஆனா நம்ம மலையில வளந்த கொழுந்து எந்த ஊரு மரத்துக்குள்ள அடைபட்டுப் போச்சுன்னு யாரும் கேட்டதாத் தெரியல. 1890கள் கடைசியில இருந்து அதுல பெரிய பேரு வெனெஸ்டாங்கற லண்டன் கம்பனி. எஸ்டோனியாவுல இப்ப தாலின்ங்கற பேருல இருக்கற ஊரு, அப்ப ரஷ்யப் பேரரசுக்குக் கீழ ரெவால்னு இருந்துச்சு, அங்க லூதர் ஃபெக்டரியில மரத்த மெல்லிசா உரிச்சு ஒட்டி ப்ளைவுட்டாக்கி, அந்த லண்டன் கம்பனி மூலமா இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பெட்டிக்கு அனுப்பினாங்க. பனி நாட்டு பர்ச் மரம் இம்புட்டு தூரம் வந்து தேயிலைய நெரப்பிக்கிட்டு திரும்பவும் லண்டனுக்கே போகும். 1907ல தென் துருவத்தத் தேடி ஷாக்கிள்டன்ங்கறவர் அண்டார்டிகாவுக்குப் போனப்பக் கூட சாமான் கட்டினது வெனெஸ்டா பெட்டியிலதான்.

அதே பர்ச் ப்ளைவுட்டுக்கு இப்பவும் சண்டை நடக்குது. 2021 நவம்பர்ல ரஷ்யா சரக்குக்கு ஐரோப்பிய யூனியன் கூடுதல் வரி போட்டுச்சு, 2022ல உக்ரேன் யுத்தம் வந்ததும் ரஷ்ய மரமே வேணாம்னு தடை. பாத்தா துருக்கியில இருந்தும் கஜகஸ்தான்ல இருந்தும் பர்ச் ப்ளைவுட்டு வந்து குவியுது! சரக்கு மாறல, வர்ற ரோடுதான் மாறியிருக்கு. விசாரிச்சுட்டு 2024 மே மாசம் அந்த ரெண்டு பக்கத்துக்கும் அதே வரிய நீட்டிட்டாங்க.

மர யாவாரத்துல எப்பவும் இதே கததான், ஒருத்தன் காட்ட மூடினா மரம் அறுக்கிற வாள் சும்மா நிக்காது, அடுத்தவன் காட்டுக்குப் போயிரும். தாய்லாந்து 1989ல காட்டு மரம் வெட்டுறத நிப்பாட்டுச்சு, அடி விழுந்தது பர்மா தேக்குக்கு. 1998ல யாங்சி ஆத்துல வெள்ளம் வந்து சீனா தன்னோட இயற்கைக் காட்ட மூடுச்சு, உடனே ரஷ்யாவுல இருந்து ரயில் ரயிலா, பின்னால நியூசிலாந்துல இருந்து கப்பல் கப்பலா பைன் தடி போக ஆரம்பிச்சுச்சு. அப்புறம் விக்கிற நாடுகளே முழிச்சுக்கிட்டாங்க. காபோன் 2010ல, மியன்மார் 2014ல, ரஷ்யா 2022ல பைன் மாதிரி மரங்களுக்குன்னு, முழுத்தடியா அனுப்புறத நிப்பாட்டினாங்க. இதுல கெட்டிக்காரன் இந்தோனேசியாதான், 1985லயே தடியா விக்க மாட்டேன்னுட்டு ப்ளைவுட்டாக்கி வித்துக் காசு பாத்துட்டான், காடு மிஞ்சுச்சான்னு மட்டும் கேக்காதீங்க.

நாமளும் 1990ல இயற்கைக் காட்டுல மரம் வெட்டுறத நிப்பாட்டினோம். நல்ல காரியம், நம்ம தண்ணி ஊத்தெல்லாம் அங்கதான இருக்கு. ஆனா வீடு கட்டுறது நிக்கலையே. கதவு நிலைக்கு நம்ம தச்சு பாஸ் கிட்ட கேட்டா தேக்கு விலையச் சொல்லி நம்மளப் பயமுறுத்திட்டு, அடுத்த வார்த்தையா மலேசியா மரம் இருக்குங்கறாரு. மலேசியாவுல எந்தக் காடுன்னு கேட்டா அவரு சிரிக்கிறாரு, மில்லுக்காரருக்கும் தெரியல. நம்ம வாசல்ல நிக்கிற பலாவ வெட்டி லொறியில ஏத்தணும்னா பெர்மிட்டுக்கு எத்தன நட!

தேயிலை இப்ப பேப்பர் சாக்குல, பலட்டுன்னு சொல்ற மரத்தட்டு மேல அடுக்கிப் போகுது. அந்தப் பலட் பலகைக்கும் சட்டம் இருக்கு, பூச்சி போகக் கூடாதுன்னு மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் காட்டியோ, மருந்துப் புகை போட்டோ கோதுமைக் கதிர் முத்திர குத்தணும், இல்லாட்டி கண்டெய்னரயே திருப்பி விட்டாலும் விடுவான்.

பூச்சிய இப்பிடித் தேடுறவன் காட்ட இப்பத்தான் தேட ஆரம்பிச்சிருக்கான். ஐரோப்பாவோட புதுச் சட்டம், 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடு அழிஞ்ச நெலத்துல இருந்து வந்த மரம், ரப்பர், கோப்பியெல்லாம் உள்ள வரக் கூடாது, எந்த எடத்துல வெளஞ்சதுன்னு மேப்போட காட்டணும். தேயிலை அந்த லிஸ்ட்ல இல்ல. சட்டத்தத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க, அது வேற. வந்தாலும் கணக்குக் காட்ட முடிஞ்ச மரம் ஐரோப்பாவுக்குப் போகும், முடியாதது கேள்வி கேக்காத ஊருக்குத்தான் வரும், நம்ம மாதிரி ஊருக்கு.

அதனால நான் தோட்டத்துச் சவுக்குலயே, அதான் நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக்குலயே, நிலைய முடிங்கன்னு சொல்லியிருக்கேன். பாஸுக்குப் புடிக்கல, வளைஞ்சிரும்ங்கறாரு. நல்லாக் காய வச்சு அறுத்தா நிக்கும்னு நான் சொல்றேன், இன்னும் பேச்சு முடியல.