பின் சக்கரம் தரையில் இருக்கட்டும்

எங்கள் மோட்டார்ஹோம், அதாவது வீடாகவும் இருக்கிற வண்டி, 11 டன். தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்திப் பார்த்த கணக்கு இது. முன் ஆக்சிலில் 4 டன், மீதி 7 டன் பின்னால். சாலையில் என் கணவர் ஓட்டுவார். ராத்தங்கும் இடத்துக்குள் வண்டி திரும்பியதும் நான் இறங்கிவிடுவேன். மட்டம் பார்ப்பது என் வேலை.

அப்பா கொத்தனார். அவருடைய இரண்டடி ரசமட்டம்தான் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. சின்ன வயதில் அவர் கட்டிக்கொண்டிருக்கும் சுவர் மேல் அதை வைத்துப் பார்ப்பேன். "ஒரு தடவை பார்த்துட்டு நம்பிடாதேம்மா, முனை மாத்தி வச்சுப் பாரு" என்பார். கருவி சரியாக இருந்தால், முனை மாற்றி வைத்தாலும் குமிழி மேட்டுப் பக்கமே, அதே அளவு ஒதுங்கி நிற்கும். இடம் மாறினால் கருவியே பிசகு. போனில் மட்டம் பார்க்கிற ஆப்புக்கும் இதே சோதனைதான்.

சரிவில் கனமான வண்டியை நிறுத்துவதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஹைட்ராலிக் ஜாக்கி நாலு இருக்கிறது, பட்டனை அழுத்தினால் வண்டி மட்டமாகிவிடும் என்று நாங்களும் நம்பினோம். முதல் வருடம் நடந்த ஒரு சம்பவம் அந்த நம்பிக்கையை மாற்றிவிட்டது.

இருட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ரிவர்ஸில் உள்ளே போய் நிறுத்த வேண்டிய இடம். பின்பக்கம் தாழ்வு, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றது. பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்தேன். அவர் உள்ளே உட்கார்ந்து பின் ஜாக்கிகளை இறக்க, வண்டி மெல்ல எழும்பியது. நான் டார்ச்சோடு பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டுக்கட்டை என் காலில் லேசாகப் பட்டது. பட்டதற்கே நகர்ந்துவிட்டது. 7 டன் அழுத்திக்கொண்டிருக்கும் சக்கரத்தடியில் இருக்கிற கட்டை அப்படி நகராது. குனிந்து வெளிச்சம் அடித்தேன். டயருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி.

"என்னங்க, இறக்குங்க! ஜாக்கியை இறக்குங்க!" என்று நான் கத்தும்போதே வண்டி பின்னால் சரியத் தொடங்கிவிட்டது. இரும்பு உரசும் ஒரு நீண்ட முனகல். ஒரு சாண் தூரம்தான் போயிருக்கும். ஜாக்கிகள் சாய்ந்ததில் பின்பக்கம் தாழ்ந்து, டயர்கள் தரையைத் தொட்டு, பிரேக் பிடித்து நின்றது. இரண்டு ஜாக்கித் தண்டுகளும் வளைந்துபோயிருந்தன, ஒன்றில் சீல் பிய்ந்து எண்ணெய் ஒழுகியது. நான் பின்பக்கம் நிற்காமல் பக்கவாட்டில் நின்றதால்தான் இதை இன்றைக்கு எழுதுகிறேன்.

ஏன் நகர்ந்தது என்பதை அன்றிரவு இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்துப் புரிந்துகொண்டோம். எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான் பிடிக்கும். பெரும்பாலான பெரிய மோட்டார்ஹோம்களில் அப்படித்தான். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் பிரேக் அந்தரத்தில் இருக்கிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தரையில் நிற்கிற முன் சக்கரங்களோ தாராளமாக உருளும். நான் முட்டுக்கட்டை வைத்ததும் அதே பின் சக்கரங்களுக்குத்தான். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல், என்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற டிரைவ் ஷாஃப்டில் இருக்கும். அதில் ஒரே ஒரு பின் சக்கரம் எழும்பினாலும் போதும். இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு வழியாக, எழும்பிய சக்கரம் ஒரு திசையிலும் தரையில் இருப்பது எதிர்த் திசையிலும் சுற்றும், வண்டி நகர்ந்துவிடும். கியரை பார்க்கிங்கில் போட்டிருக்கிறோமே என்றால், பின் சக்கரத்தில் ஓடுகிற வண்டியில் அந்தப் பிடியும் ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்துக்குத்தான் போகிறது.

அதனால் இப்போது எங்களுக்கு ஒரே விதி. பின் சக்கரங்கள் எந்தக் காரணத்துக்காகவும் ஜாக்கியால் தரையை விட்டு எழும்பக் கூடாது. பின்பக்கத்தை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் பலகை மேல் ஏற்றித்தான் உயர்த்துவோம். பலகை மேல் நிற்கிற சக்கரம் எடையோடு நிற்கிறது, பிரேக் வேலை செய்யும்.

இந்த விதியிலிருந்தே மற்றதெல்லாம் வரும். முதலில், எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது. முடிந்தவரை மூக்கு பள்ளத்தைப் பார்க்க வேண்டும். அப்போது தாழ்ந்திருப்பது முன்பக்கம், தூக்க வேண்டியதும் முன்பக்கம். எடையில் பெரும்பகுதி பிரேக் உள்ள பின் சக்கரங்கள் மேலேயே இருக்கும். முட்டுக்கட்டையைப் பின் சக்கரங்களின் பள்ளத்துப் பக்கம், டயரோடு ஒட்டி வைக்கிறேன். நேராக உள்ளே போய் நிறுத்தினால் கரண்டு, தண்ணீர் இணைப்புகள் எதிர்ப்பக்கம் போய்விடும் இடங்கள் உண்டு. நீளமான கேபிளும் ஹோஸும் வைத்துக்கொண்டால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

அடுத்தது அளவு. வண்டியை உள்ளே விடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவேன், ஏனென்றால் 11 டன்னை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிப் பார்ப்பதைவிட ஒரு பலகையைத் தூக்கி வைப்பது சுலபம். 2 மீட்டர் நீளத்தில் கோணாத அலுமினியப் பட்டை ஒன்று வைத்திருக்கிறேன். சக்கரங்கள் நிற்கப்போகிற இடத்தில், சரிவின் வாக்கில் அதைத் தரையில் போட்டு, நடுவில் ரசமட்டத்தை வைப்பேன். தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கிப் பிடித்து, முனைக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை டேப்பால் அளப்பேன். 2 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் என்று வந்தால், எங்கள் வண்டியின் முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே 6 மீட்டர் என்பதால் மூன்று மடங்கு, 15 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். குறுக்குவாட்டில் இன்னும் லேசு. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 2 மீட்டர்தான், எனவே பட்டையில் கிடைக்கிற அளவே தூக்க வேண்டிய உயரம். தரை ஒரே சீராகச் சரியாத இடங்களில் இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புல் தரை கண்ணை ரொம்ப ஏமாற்றும்.

நீளவாக்கில் 2 மீட்டருக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வந்தால் அந்த இடம் எங்களுக்கு வேண்டாம். வண்டி நீளத்துக்கு அது 30 சென்டிமீட்டர். எங்கள் ஜாக்கியின் மொத்த வீச்சே 40 தான், அதில் பாதிக்கு மேல் தரையைத் தொடுவதற்குள் போய்விடும். வேறு இடம் கேட்போம், இல்லையென்றால் கிளம்பிவிடுவோம். களைத்துப்போய் வந்து சேர்ந்த நேரத்தில் இந்த முடிவு எடுப்பது கஷ்டம், ஆனாலும் எடுத்துவிடுவோம்.

குறுக்குச் சரிவுக்குப் பலகைகள். 4 சென்டிமீட்டர் கனம், 30 சென்டிமீட்டர் அகலம். பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் இரண்டு பலகைகளை ஒட்டிப் போட்டால்தான் இரண்டு டயருக்கும் அடியில் முழுசாக வரும். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. ஒரு டயர் மட்டும் பலகை மேல் ஏறி, மற்றது அந்தரத்தில் நின்றால், இரண்டு டயர் சுமக்க வேண்டியதை ஒன்று சுமக்கும். டயரின் ஓரம் பலகைக்கு வெளியே தொங்கினாலும் உள்ளே இருக்கிற எஃகுக் கம்பிப் பட்டைகள் கெடும், அந்தக் காயம் வெளியே தெரியாது. கீழ்ப் பலகை 120, நடுவில் 90, மேலே 60 சென்டிமீட்டர் நீளம், ஏறுகிற முனை சாய்வாக அறுத்தது. மூன்று அடுக்கு 12 சென்டிமீட்டர், அதற்கு மேல் அடுக்க மாட்டேன். அவர் ஊர்ந்து ஏற்றுவார், நான் அவருக்குக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்பேன். என் கை மடங்கினால் வண்டி நிற்க வேண்டும். கண்ணாடியில் நான் தெரியவில்லை என்றாலும் நிற்க வேண்டும்.

அப்புறம்தான் ஜாக்கி. ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்றுப் பைகள் மேல் உட்கார்கிற அமைப்பு உள்ள வண்டியில் முதலில் காற்றை இறக்கிவிட வேண்டும். வண்டி நன்றாகத் தாழ்ந்து உட்கார்ந்தால் ஜாக்கி கொஞ்சம் நீண்டாலே போதும். முன் ஜாக்கி இரண்டையும் சேர்த்துத்தான் இயக்குவோம். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். கதவு இறுகுவது, முன் கண்ணாடி விரிசல் விடுவது எல்லாம் அதனால்தான். குறுக்கு மட்டத்தைப் பலகையிலேயே சரிசெய்துவிட்டால் ஒற்றை ஜாக்கியைத் தொடுகிற தேவையே வராது. பின் ஜாக்கிகளை வண்டி ஆடாமல் இருக்கத் தரையில் ஊன்றுகிற அளவுக்கு மட்டும் இறக்குவோம். பக்கவாட்டில் நீள்கிற அறைகளை வெளியே தள்ளுவது இதெல்லாம் முடிந்த பிறகு.

தானியங்கி மட்டம் உள்ள வண்டிகளும் உண்டு. அது குமிழியை நடுவுக்குக் கொண்டுவரும், ஆனால் பின் சக்கரம் தரையில் இருக்கிறதா என்று நாம்தான் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஜாக்கிப் பாதத்தின் அடியிலும் பலகை வேண்டும். முன்பக்கம் ஒரு ஜாக்கி 2 டன் தாங்குகிறது. அதன் பாதம் 25க்கு 25 சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல். 60க்கு 60 பலகை போட்டால் அரைக் கிலோ சொச்சம்தான். மழை பெய்த மண்ணில் இந்த வித்தியாசம் காலையில் தெரியும். வெயிலில் இளகிய தார்த் தரையிலும் தெரியும். எப்படிப் போட்டாலும் மறுநாள் காலை மட்டத்தை இன்னொரு முறை பார்ப்பேன். ராத்திரி குளிரில் ஜாக்கிக்குள் எண்ணெய் சுருங்கியும் வண்டி கொஞ்சம் இறங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஃபிரிட்ஜைக் காட்டுவேன். எங்கள் வண்டியில் இருப்பது கேஸிலும் ஓடுகிற உறிஞ்சு வகை. 1922-ல் ஸ்வீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கியது. அதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாவும் தண்ணீரும் கலந்த கரைசல் சூட்டில் மேலே ஏறி, குளிர்ந்து, தானாகவே சரிந்து கீழே ஓடிவர வேண்டும். ஓட வைப்பது புவியீர்ப்பு மட்டும்தான். சாய்ந்து நின்றால் திரவம் குழாயில் ஒரு பக்கம் தேங்கும், சூடேறுகிற பாகத்துக்குப் போதுமான அளவு திரும்பி வராது. அந்தப் பாகம் அளவுக்கு மீறிக் கொதித்து, துரு பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் கெட்டியாகப் படிந்து குழாயை அடைக்கும். மறுபடி வண்டியை மட்டமாக நிறுத்தினாலும் அந்த அடைப்பு போகாது.

பல கையேடுகளில் பக்கவாட்டில் 3 டிகிரி, முன் பின்னாக 6 டிகிரி வரை சாயலாம் என்று இருக்கும். இந்தப் பக்கவாட்டு என்பது வண்டிக்கு அல்ல, ஃபிரிட்ஜின் முகத்துக்கு நேரே நின்று பார்க்கிறவருக்கு. எங்கள் ஃபிரிட்ஜ் வண்டியின் பக்கச் சுவரில் இருக்கிறது, அப்படியென்றால் அதன் பக்கவாட்டு எங்கள் வண்டியின் நீளவாக்கு. கடுமையான வரம்பு நீளவாக்குக்குத்தான் பொருந்துகிறது. 6 மீட்டரில் 3 டிகிரி என்பது 31 சென்டிமீட்டர். நான் 2 மீட்டருக்கு 10 என்று வைத்திருக்கிற எல்லையும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அதற்காகக் குமிழி மயிரிழை பிசகாமல் நடுவில் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. கோட்டைத் தொட்டு நின்றால் போதும். தலை வைத்துப் படுக்கும் பக்கம் சற்றே உயர்ந்திருந்தால் தூக்கம் நன்றாக வரும். குளியலறைத் தண்ணீர் வடிகிற மூலை எது என்று பார்த்து, அந்தப் பக்கம் ஒரு துளி தாழ விட்டால் தரையில் தண்ணீர் தேங்காது. தண்ணீர்த் தொட்டியின் அளவுகாட்டி மட்டும் சாய்ந்த வண்டியில் தப்பாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம்.

கிளம்பும்போது எல்லாம் தலைகீழ் வரிசையில். நீளும் அறைகளை உள்ளே இழுத்து, ஜாக்கிகளை ஏற்றி, காற்று நிரம்பும்வரை காத்திருப்போம். நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நாலு ஜாக்கியும் முழுசாக மேலே போய்விட்டதா என்று குனிந்து பார்ப்பேன். முட்டுக்கட்டைகளைக் கடைசியாகத்தான் எடுப்பேன். எடுத்து ஓட்டுநர் பக்கம் வந்து, கைக்கு ஒன்றாகத் தூக்கிக் காட்டுவேன். இரண்டையும் பார்த்த பிறகுதான் அவர் ஹேண்ட் பிரேக்கை எடுப்பார்.