சிவப்பு மையில் அடித்த பட்டியல்

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்விதழ்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 21 ரூபாய் அளவில் இருந்த டாலர் சில நாட்களில் 26-ஐ நெருங்கியது. எங்களுக்கு நிதி ரூபாயில். சந்தாவோ டாலரிலும் பவுண்டிலும். எந்த இதழ்களை நிறுத்தலாம் என்று கேட்டுத் துறைகளுக்குப் பட்டியல் அனுப்பினோம்.

வேதியியல் பேராசிரியர் ஒருவர் பட்டியலோடு நேரிலேயே வந்துவிட்டார். நிறுத்தவேண்டிய இதழ் ஒன்றுக்கு அவரே மதிப்பீட்டாளர். "போன வாரம்தான் இவங்க அனுப்பின கட்டுரையைப் படிச்சு மூணு பக்கம் எழுதினேன் சார். ஒரு பைசா வாங்கினதில்லை. அது அச்சாகி வந்தா நான் எங்க போய்ப் படிக்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சிவப்பு மையில் அவர் கோடு போட்டார். இதழ்களின் வரவைக் குறித்துவைக்கும் கார்டெக்ஸ் அட்டையில் 'நிறுத்தம்' என்று நான் எழுதினேன். அதற்குப் பிறகு அவருடைய மாணவர்கள் கட்டுரை ஆசிரியர்களுக்கே அஞ்சலட்டை போட்டுப் பிரதி கேட்டார்கள். வர இரண்டு மாதமாகும். வராமலும் போகும்.

அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அமெரிக்காவில் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க், கட்டுரைகளை இலவசமாகப் பகிரும் 'ஆர்க்கைவ்' கணினிக் களஞ்சியத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் எங்கள் இயற்பியல்காரர்கள் அச்சுக்கு முன்பே கட்டுரைகளைக் கணினியில் படித்தார்கள். வேதியியலுக்கு அப்படியொன்று நிலையாக அமைய 2017 ஆயிற்று.

2002-இல், ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்க வழிசெய்ய வேண்டும் என்ற புடாபெஸ்ட் பிரகடனம் வெளியானபோது எனக்குப் பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் பல பதிப்பகங்கள் வாசகரிடம் வாங்கியதை எழுதுபவரிடம் கேட்கத் தொடங்கின. ஒரு கட்டுரையை எல்லோரும் படிக்கத் திறந்துவைக்க 2020-இல் 'நேச்சர்' இதழ் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. வேறொரு இதழ் தன் கட்டுரையை ஏற்றுக்கொண்ட மகிழ்ச்சியோடு வந்த மாணவி, "கட்டணத்துக்கு லைப்ரரியில ஏதாவது நிதி இருக்கா சார்?" என்று கேட்டாள். முப்பது வருடம் கழித்தும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு, ஆய்விதழ்களுக்குத் தானே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனாலும் அது வாடகைதான்.

புடாபெஸ்ட் சொன்ன இன்னொரு வழிக்குச் செலவே இல்லை: இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரையின், ஆசிரியரிடம் உள்ள இறுதிப் பிரதியை அவருடைய பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போட்டுவைப்பது. பல இதழ்கள், சில மாதம் பொறுக்கச் சொன்னாலும், அதை அனுமதிக்கின்றன. ஓய்வுபெறும்வரை ஆய்வாளர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றிக்கொடுத்தேன். பாதிப் பேரிடம் அந்தக் கோப்பே இருக்காது, அச்சானதும் அழித்திருப்பார்கள். அதனால் கட்டுரை ஏற்கப்பட்டது என்று யார் வந்து சொன்னாலும், வாழ்த்தியதும் முதலில் அந்தக் கோப்பைத்தான் கேட்பேன்.