வரைபடத்தில் மட்டும் இருந்த பூங்கா

கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் மனை வாங்கி, 2022-இல் வீடு கட்டிக் குடிவந்தோம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதி பெற்ற மனைப்பிரிவு, ஏறத்தாழ பத்து ஏக்கர். வந்த புதிதில் பதினைந்து வீடுகள் இருந்தால் அதிகம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும் மளமளவென்று வீடுகள் எழும்பின.

அங்கன்வாடி பழைய ஊருக்குள் இருக்கிறது, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம். எதிர்வீட்டுப் பெண் ஒரு பிள்ளையை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பாள். பாதி தூரம் போனதும் லாரி வந்துவிடும், நடுத்திட்டில் ஏறி நிற்பாள். தினமும் மாடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எங்கள் பக்கமே ஓர் அங்கன்வாடி கேட்டு, நான்கைந்து பேர் சேர்ந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம்.

“இடம் காட்டுங்கம்மா, எழுதி அனுப்புறோம்” என்றார் தலைவர். நியாயமான பதில்தான்.

மனை விற்கும்போது கொடுத்த பளபளப்புத் தாளில், பச்சை வண்ணத்தில் ‘பூங்கா’ என்று பெரிய கட்டம் ஒன்று இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேல முள், எம்-சாண்ட் குவியல், ஓரமாகக் கல் நட்டுக் கம்பி இழுத்த வேலி. “அது கம்பெனி இடம், அடுத்த கட்ட மனை போடப் போறாங்க” என்றார் அங்கிருந்த காவலாளி. அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரிடமும் பேச முடியாது. அனுமதி பெற்ற மூல வரைபடம் வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். முப்பது நாள் கழிந்தும் பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகு, நகல் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.

வரைபடம் கைக்கு வந்த அன்று இரவு, எங்கள் வீட்டுக் கூடத்தில் தரையில் விரித்து, நாலு மூலையிலும் டம்ளர் வைத்துப் பார்த்தோம். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலைகள் போக மிச்சப் பரப்பில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் இது இருக்கிறது. ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். எங்களுக்கு அது ஏறத்தாழ எழுபது சென்ட். இதைத் தவிர, ஒரு மூலையில் ‘பி.பி.-1’ என்று எழுதிய சின்னக் கட்டம். அது என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

தானப் பத்திரம் நிஜமாகவே பதிவாகியிருக்கிறதா? பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தோம். பார்க்கக் கட்டணம் இல்லை. ஊராட்சி பெயருக்குத் தானம், 2020-ஆம் ஆண்டு, பதிவாகியிருந்தது! அன்றைக்கு எங்களுக்குள் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மறுநாளே அது பாதியாகிவிட்டது. பட்டாவை எடுத்துப் பார்த்தால், இன்னமும் மனை போட்டவர்கள் பெயரே இருக்கிறது. பத்திரம் பதிந்ததோடு எல்லாரும் நின்றுவிட்டார்கள். நிலத்தை அளந்து உட்பிரிவு செய்து ஊராட்சி பெயருக்குப் பட்டா மாற்றும் வேலையை யாரும் செய்யவில்லை. புதிதாக மனை வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். தானப் பத்திரம் இருந்தும் பட்டா மாறாத நிலத்தில், ‘எங்கள் இடம்’ என்று யார் வேலி போட்டாலும் கேட்க ஆள் இல்லாமல் போகிறது.

2024 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஒரு மாதம் முன்பே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தோம். ஏன் என்றால், அரசுத் திட்டங்களில் எங்கள் ஊராட்சி மக்கள்தொகை இன்னும் 2011 கணக்கெடுப்பில் இருந்த தொகைதான். நாங்கள் யாரும் அதில் இல்லை. 140 வீடுகள், 560 பேருக்கு மேல், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 53. நானூறு முதல் எண்ணூறு பேருக்கு ஓர் அங்கன்வாடி என்பது வரையறை. எங்கள் ஊராட்சிக்குக் கிராம சபையில் இருநூறு பேர் இருந்தால்தான் கோரம். பழைய ஊர்க்காரர்களிடமும் போய்க் கூப்பிட்டோம். மனைப்பிரிவுக்காரர்களுக்காக நாங்கள் ஏன் வரணும் என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் விளைநிலம்தானே இன்றைக்கு எங்கள் தெருவாக இருக்கிறது, கேட்பதில் தப்பு இல்லை. அவர்களுடைய குடிநீர்த் தொட்டிக் கோரிக்கையையும் எங்களுடையதோடு சேர்த்துத் தீர்மானமாக எழுதிக் கொடுத்தோம். அப்புறம்தான் இரண்டு பக்கமும் ஒன்றாக உட்கார்ந்தது. தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, நகலுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்தத் தீர்மான நகல், தானப் பத்திர நகல், வரைபடம் மூன்றையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தோம். மனு தாலுகா அலுவலகத்துக்கு வந்தது. மழைக்காலம் முழுக்க ஒன்றும் நகரவில்லை. முழங்கால் தண்ணீரில் எப்படி அளப்பது? பொங்கல் கழிந்து, ஜனவரி கடைசியில் சர்வேயர் வந்தார்.

அந்த நாளை நான் மறக்க மாட்டேன். நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தை வைத்துக்கொண்டு அவர் மூலைக்கல்லைத் தேடுகிறார். கல் கிடைக்கவில்லை. அது கிடைக்காமல் எங்கிருந்து அளப்பது? வேடிக்கை பார்க்க வந்த ஓர் ஆயா, “இங்க ஒரு கால்வா போச்சு தம்பி, அந்த மடைகிட்ட கல்லு இருந்திச்சு. நான் நடவு நட்ட நெலம்” என்று முள்ளுக்குள் கை காட்டினார். இரண்டு பேர் முள்ளை வெட்டினார்கள். கடப்பாரை ஒன்றரை அடி இறங்கியதும் ‘ணங்’கென்று சத்தம். மண்ணை விலக்கினால் சர்வே கல். ஆயா குனிந்து, அதன் தலையை முந்தானையால் துடைத்துவிட்டார். அங்கிருந்து டேப் பிடித்து அளந்ததில், கம்பி வேலி போட்டிருந்த இடம் மொத்தமும் பூங்கா நிலத்துக்குள் வந்தது.

எழுபது சென்டில் ஒரு மூலையை எடுத்து அங்கன்வாடி கட்டிவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஓர் உதவிப் பொறியாளர்தான் நிறுத்தினார். திறந்தவெளிக்குக் கொடுத்த நிலத்தில் கட்டடம் கட்டக் கூடாது, நல்ல காரியத்துக்கு என்றாலும் கூடாது. “உங்க வரைபடத்துல பி.பி.-1 இருக்கா பாருங்கம்மா” என்றார். அந்தச் சின்னக் கட்டம்! பொதுப் பயன்பாட்டுக்கென உள்ளாட்சிக்குத் தரும் அரை சதவீதம் அது. இன்னொரு அரை சதவீதம் மின்வாரியத்துக்கு. எங்களுடையது ஏறத்தாழ மூன்றரை சென்ட். அங்கன்வாடிக்குத் தாராளம். அவர் சொல்லாமல் இருந்திருந்தால், கட்டடத்தைத் தப்பான நிலத்தில் கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு வருஷம் அலைந்திருப்போம். நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: கோபமாகப் போன அலுவலகத்திலும், கிளம்பும் முன் ‘வேறு என்ன வழி இருக்கிறது சார்’ என்று கேட்டுவிடுவது. பாதிக் கதவுகள் அந்தக் கேள்வியில்தான் திறந்தன.

2025 ஏப்ரலில் இரண்டு நிலத்துக்கும் ஊராட்சி பெயரில் பட்டா ஆனது. வேலியை, போட்டவர்களே வந்து பிரித்துக்கொண்டு போனார்கள். முள்ளை எடுத்துவிட்டு, எல்லையோரம் பூவரசும் வேம்பும் நட்டிருக்கிறோம். சர்வே கல்லைச் சுற்றி மட்டும் எதுவும் நடவில்லை, மறுபடி மூடிப்போகக் கூடாது. அங்கன்வாடிக்கு மதிப்பீடு தயாராகி மேலே போயிருக்கிறது. எதிர்வீட்டுப் பெண்ணின் மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான், சின்னவள் இன்னும் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டித்தான் போகிறாள்.