மொறிஸ் மைனர்: 1098 பிளொக்குக்கு எந்த ஹெட்?

எங்கள் வீட்டு மொறிஸ் மைனரின் 948 சிசி எஞ்சினில் இனிப் போர் அடிக்க, அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து பெருப்பிக்க, இடமில்லை. ஏன் அப்படித் தேய்ந்தது என்று யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் துளி பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கீழே இறங்கி ஒயிலை இளக்கிவிடும். அதையும் தாங்கி இத்தனை வருஷம் ஓடிய எஞ்சினைக் கையெடுத்துத்தான் கும்பிட வேண்டும்.

மைனருக்கு 1962இல் வந்த 1098 சிசி எஞ்சின் ஒன்று கியர்பொக்ஸோடு கிடைத்தது. வாங்குவதானால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். 948இன் கிளச் 6¼ அங்குலம், இதனுடையது 7¼; அதற்கேற்ப கியர்பொக்ஸும் வேறு. சிலிண்டர்கள் உள்ள பிளொக் நன்றாக இருந்தது, ஆனால் அதை மேலே மூடும், வால்வுகள் உள்ள ஹெட்டில் வெடிப்பு.

கையில் பழைய 948 ஹெட் இருக்கிறதே என்றுதான் முதலில் யோசித்தேன். இரண்டும் ஏ-சீரிஸ் என்ற ஒரே குடும்ப எஞ்சின், ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டுகள் ஒரே இடத்தில். தூக்கி வைத்தால் பேசாமல் உட்காரும். ஆனால் 948இல் ஒரு சிலிண்டருக்கு 237 சிசி, 1098இல் 274. அவ்வளவு காற்றையும் 948 ஹெட்டின் சின்ன எரி அறைக்குள் அமுக்கினால் கொம்பிரஷன் ஏறும். ஹெட்டைக் கவிழ்த்து, ஓரத்தில் கிரீஸ் தடவிக் கண்ணாடித் தகட்டை ஒட்டி, அதிலிட்ட துளை வழியே பியூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தோம். பல தடவை லேத்தில் முகம் சீவிய ஹெட், அறை இன்னும் சுருங்கியிருந்தது. இன்லெட் வால்வும் சிறியது. 92 ஒக்டேன் பெட்ரோலில் ஏற்றம் ஏறும்போது எஞ்சின் தட்டும் (நொக் அடிக்கும்) என்று அதை விட்டுவிட்டேன்.

அடுத்து 1275 சிசி ஏ-சீரிஸ் எஞ்சினின் ஹெட் ஒன்று வந்தது, வார்ப்பு இலக்கம் 12ஜி940. பெரிய வால்வ், நல்ல போர்ட், எனக்கும் ஆசைதான். கராஜில் இருந்த மூத்த மெக்கானிக், "தம்பி, பொருந்துறது பொருந்தும். வால்வ் எங்க இறங்குதெண்டு பாத்தனீரோ?" என்றார். பிள்ளைகளின் விளையாட்டுக் களியை போர் ஓரமெங்கும் பரப்பி, ஹெட்டை வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றித் திறந்து பார்த்தோம். எக்ஸோஸ்ட் வால்வ் இருந்த இடமெல்லாம் பிறை வடிவில் களி நசுங்கி, பிளொக்கின் இரும்பு தெரிந்தது. 1275இன் போர் 70.6 மில்லிமீட்டர், 1098இனுடையது 64.6. அகன்ற போருக்கென்று வைத்த வால்வ் இங்கே பிளொக்கின் விளிம்பில் இடிக்கிறது. பிளொக்கில் குழி வெட்டிப் பொருத்துபவர்கள் உண்டு. நல்லதொரு பிளொக்கில் கட்டரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் 1098க்கே உரிய 12ஜி202 கிடைத்தது. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதால் எக்ஸோஸ்ட் பக்கம், வால்வ் வந்து உட்காரும் இடத்தில், கடின சீட் இறக்குவித்தேன். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது, ஈயமில்லாத பெட்ரோலில் பழைய இரும்பு சீட் அரித்துக்கொண்டே போகும். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக 40 இறாத்தல்-அடி வரை இறுக்கினோம். டப்பெட் இடைவெளி 12 தவு (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு). இப்போது கார் சுகமாக ஓடுகிறது, பழைய எஞ்சினை விட இழுவை நன்றாகவே தெரிகிறது.

ஹெட் வாங்கப் போகிறவர்கள் ரொக்கர் கவரைக் கழற்றி, வார்ப்பிலேயே புடைத்திருக்கும் இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பிளொக்குக்கு, டைனமோவுக்கு மேலே உள்ள எஞ்சின் இலக்கத் தகடு: 9 என்று தொடங்கினால் 948, 10 என்றால் 1098.