மெத்தட் ஏ, நாகூரார் தர்கா, அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை

இந்த செமஸ்டர்ல கிளாஸ் எல்லாமே சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பிச்சு 9 மணிக்குத்தான் முடியுது. கூட படிக்கிறவங்கள்ல பாதிப்பேர் பகல் முழுக்க சைட்லயோ கன்சல்டன்சிலயோ வேலை பாத்துட்டு அப்படியே எம்ஆர்டி (இங்க மெட்ரோ ரயிலு) பிடிச்சு ஓடி வர்றவங்க, அதான் காரணம். சேஃப்டி பூட்ஸை கூட மாத்தாம வந்து முன் பெஞ்ச்ல உக்காருற ஒரு ஆளு எங்க கிளாஸ்ல இருக்காரு, அவரு கேக்குற கேள்விக்கு மட்டும் புரொஃபசர் ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டுதான் பதில் சொல்லுவாரு. நான் படிக்கிறது ஜியோடெக்னிக்கல், சுருக்கமா சொன்னா மண்ணு. நாகப்பட்டினத்துல எங்க பெரியப்பா, "மண்ணைப் பத்தி படிக்கவா சிங்கப்பூர் போற, இங்க இல்லாத மண்ணா"ன்னு கேட்டாரு. அப்போ சிரிச்சுட்டு வந்துட்டேன். இந்த வாரம்தான் அவருக்கு பதில் கிடைச்ச மாதிரி இருக்கு, அதான் எழுதுறேன்.

திங்க செவ்வாய் லேப்லயே போச்சு. ஈடோமீட்டர் டெஸ்ட். கடலடி களிமண்ணு, இங்க எல்லாரும் மரைன் கிளேன்னுதான் சொல்லுவாங்க, அதுல 20 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு சின்ன வில்லை வெட்டி, வளையத்துக்குள்ள வெச்சு, மேல எடையை ஏத்திட்டு, எவ்ளோ அமுங்குதுன்னு டயல் கேஜை பாத்துட்டே இருக்கணும். ஒரு எடைக்கு 24 மணி நேரம், மறுநாள் எடையை ரெண்டு மடங்காக்கணும். போரிங்தான், ஆனா நடக்கிற விஷயம் என்னன்னா, பாலைத் திரிச்சு துணியில கட்டி மேல அம்மிக்கல்லை வெச்சா தண்ணி வடிஞ்சு வடிஞ்சு பன்னீர் இறுகுதுல்ல, அதேதான். எடையை முதல்ல தாங்குறது மண்ணு இல்ல, மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி. தண்ணி வெளிய போகப்போகத்தான் மண்ணு எடையை வாங்கிக்குது.

இதுல மண்டையில அடிக்கிற கணக்கு ஒண்ணு இருக்கு. தண்ணி வெளிய போக ஆகுற நேரம், அது போக வேண்டிய தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். லேப்ல இருக்கிற வில்லையில மேலயும் கீழயும் வழி இருக்கு, அதனால தண்ணி 10 மில்லிமீட்டர்தான் போகணும், அதுக்கு ஒரு மணி நேரம் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். அதே களிமண்ணு நிலத்துக்கடியில 10 மீட்டர் தடிமன்ல கிடந்தா தண்ணி 5 மீட்டர் போகணும். தூரம் 500 மடங்கு, நேரம் ரெண்டரை லட்சம் மடங்கு. ரெண்டரை லட்சம் மணி நேரம்னா 28 வருஷத்துக்கு மேல! கடலை ரொப்பி நிலம் எடுத்துட்டு 28 வருஷம் சும்மா உக்காந்திருக்க எந்த நாட்டாலயும் முடியாது. அதான் இங்க களிமண்ணுக்குள்ள ஒண்ணு ஒன்றரை மீட்டருக்கு ஒண்ணுன்னு பட்டை பட்டையா பிளாஸ்டிக் டிரெயினை செங்குத்தா இறக்கி, மேல மணலை மலையா குவிச்சு வெச்சிடறாங்க. தண்ணி பக்கத்துல இருக்கிற டிரெயினுக்கு வந்தா போதும், வருஷக்கணக்கு மாசக்கணக்கா ஆயிடும். 1960-கள்ல சுமார் 581 சதுர கிலோமீட்டரா இருந்த இந்த ஊரு இன்னிக்கு 730-ஐ தாண்டி நிக்குதுன்னா, அது பாதி மணலோட கதை, பாதி இந்த தண்ணி வடியிற கதை. சாங்கி ஏர்போர்ட்ல வந்து இறங்கினப்போ கடலை ரொப்பின நிலத்துல ஓடுறோம்னு எனக்கு எங்க தெரியும், இமிகிரேஷன் கியூ பெருசா இருக்குமோன்னுதான் கவலை.

புதன்கிழமை கிளாஸ் இல்ல. ரூம்மேட்டோட தேக்கா போயி மார்க்கெட்ல முருங்கைக்கீரை வாங்கி, 1947-லேர்ந்து நடக்குற கோமள விலாஸ்ல தோசை சாப்பிட்டுட்டு, முஸ்தபாவுல ஒரு சார்ஜர் வாங்கப் போயி சார்ஜரைத் தவிர மத்ததெல்லாம் வாங்கிட்டு வந்தோம். அவ்ளோதான், வேற கதை இல்ல.

வியாழக்கிழமை கிளாஸ்தான் கிளாஸ். நிக்கல் ஹைவே.

சிங்கப்பூர்ல மண்ணு படிக்கிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. 2004 ஏப்ரல் 20, மத்தியானம் மூணரை மணி வாக்குல. சர்க்கிள் லைன் எம்ஆர்டிக்காக சுமார் 30 மீட்டர் ஆழத்துக்கு தோண்டியிருந்த குழி அப்படியே உள்வாங்கிடுச்சு, பக்கத்துல இருந்த ஹைவேயும் சேந்து விழுந்துடுச்சு. நாலு பேர் செத்துட்டாங்க. அதுல ஒருத்தர் கிரேன் ஓட்டுற தமிழர். ஒரு ஃபோர்மேன் மத்த ஆளுங்களை மேல அனுப்பிட்டு தான் மாட்டிக்கிட்டாரு, அவரு உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. புரொஃபசர் இதைச் சொல்லும்போது ஸ்லைடை மாத்தாம கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு.

அப்புறம் ஏன் விழுந்துச்சுங்கிற கணக்கு. கம்ப்யூட்டர்ல களிமண்ணை மாடல் பண்றப்போ அதோட பலத்தை எப்படி குடுக்குறோம்னு ஒரு விஷயம் இருக்கு, அங்க யூஸ் பண்ணின முறைக்கு பேரே மெத்தட் ஏன்னு ஆயிடுச்சு. இளகின களிமண்ணை வேகமா தோண்டும்போது தண்ணிக்கு வெளிய போக டைம் கிடைக்காது, உள்ள அழுத்தம் ஏறும், மண்ணு பலம் இழக்கும். மெத்தட் ஏ-ல அந்த எளிய மாடலுக்கு இது சரியா தெரியாது, நிஜத்துல இருக்கிறதை விட மண்ணு பலமா இருக்குன்னு நினைச்சுக்கும். அதனால சுவரு எவ்ளோ வளையும், எவ்ளோ நகரும்ங்கிற கணக்கு நிஜத்துல கிட்டத்தட்ட பாதிதான் வந்துச்சு. இது ஒரு பக்கம்னா, ரெண்டு சுவரையும் முட்டுக் குடுத்து தாங்குற ஸ்ட்ரட் இரும்பு, சுவரோட ஓடுற வேலர் இரும்புல வந்து சேர்ற இணைப்பும் பலவீனமா டிசைன் ஆயிருந்துச்சு, சில லெவல்ல தகடுக்கு பதிலா சி-சேனலை (சி எழுத்து மாதிரி வளைஞ்ச இரும்பு) வெச்சிருந்தாங்க. மேலேர்ந்து 9-வது லெவல் ஸ்ட்ரட்ல இணைப்பு நசுங்குச்சு, அதுக்கு மேல இருந்தது தாங்கல, அவ்ளோதான்.

எனக்கு அதை விட உறுத்தினது வேற. சுவரு நகருதுன்னு ரீடிங் முன்னாடியே காட்டிட்டே இருந்திருக்கு. கணக்கைத் தாண்டிப் போனதும், திரும்ப கணக்கு போட்டு எச்சரிக்கை அளவையே ஏத்தி எழுதியிருக்காங்க. மண்ணு சொன்னதைக் கேக்காம மாடல் சொன்னதைக் கேட்டிருக்காங்க. பக்கத்துல உக்காந்திருந்த அக்கா (இங்கயே பொறந்து வளந்தவங்க, கன்சல்டன்சில வேலை, எனக்கு ஏழெட்டு வயசு மூத்தவங்க) மெதுவா, "நான் அப்போ செகண்டரி ஸ்கூல்டா, டிவில பாத்தது, அதான் லா நான் இந்த லைனுக்கே வந்தேன்"னாங்க.

வெள்ளிக்கிழமை மழை, தூக்கம்.

சனிக்கிழமை அந்த அக்காதான் தெலுக் ஆயர் கூட்டிட்டுப் போனாங்க. "நீ நாகப்பட்டினம்ங்கிற, இன்னும் நாகூரார் தர்கா பாக்கலையா, வா"ன்னாங்க. எனக்கு சத்தியமா நம்பிக்கை இல்ல. நாகூர் எங்க வீட்ல இருந்து பஸ் ஏறினா டிக்கெட் வாங்கி முடிக்கிறதுக்குள்ள வந்துடும். கந்தூரிக்கு கொடி ஊர்வலம் எங்க ஊர்ல இருந்துதான் கிளம்பும், அம்மா நேர்ந்துகிட்டு எனக்கு அங்கதான் முதல் மொட்டை போட்டாங்க. தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் குடுத்த அந்த பெரிய மினாராவைப் பாத்து வளந்தவனுக்கு, ரெண்டு பக்கமும் ஆபீஸ் டவரு நடுவுல வெள்ளையா சின்னதா ஒரு தர்கா நிக்கிறதைப் பாத்ததும் தொண்டை அடைச்சுக்கிச்சு. சோழமண்டலக் கரையில இருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-லேர்ந்து 1830-க்குள்ள கட்டினது. கடலைத் தாண்டி உசுரோட வந்து சேந்ததுக்கு சாகுல் ஹமீது ஆண்டவருக்கு நன்றி. இப்போ உள்ள இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமா வெச்சிருக்காங்க. கொஞ்சம் தள்ளி தியான் ஹோக் கெங் கோயில், 1839-லேர்ந்து 1842 வரைக்கும் ஹொக்கியன் சீனர்கள் கடல் அம்மன் மாசுவுக்கு கட்டினது, அதுவும் அதே காரணத்துக்குத்தான்.

நான் நடு ரோட்டுல நின்னு, "அக்கா, கடல் எங்க?"ன்னு கேட்டேன். அவங்க காலால தரையைத் தட்டிக் காமிச்சாங்க. இந்தத் தெருவுதான் கரை. படகு தர்கா வாசல்கிட்ட வந்து நின்னிருக்கு. 1880-கள் வாக்குல கடலை ரொப்ப ஆரம்பிச்சதும் தண்ணி தள்ளிப்போய், தள்ளிப்போய், இப்போ மரீனா பே வரைக்கும் நடந்தாதான் தண்ணியையே பாக்க முடியும். அன்னிக்கு சாயங்காலம் சாத்தே சாப்பிட்ட லாவ் பா சாட் இருக்கே, அந்த எட்டு மூலை இரும்பு மார்க்கெட், அதுவும் 1894-ல ரொப்பின நிலத்து மேல எழுப்பினதுதான். நாங்க மேஜையில டிஷ்யூ பாக்கெட்டை வெச்சு சோப் போட்டுட்டு (இங்க இடம் பிடிக்கிறதுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க), இந்த இடத்துக்கு கீழ எத்தனை மீட்டர் களிமண்ணு இருக்கும்னு சண்டை போட்டோம். பக்கத்து மேஜைல இருந்தவங்க எங்களை ஒரு மாதிரி பாத்தாங்க.

ஞாயித்துக்கிழமை ரூம்மேட்டோட சொந்தக்கார அண்ணனைப் பாக்க லிட்டில் இந்தியா போனோம். பட்டுக்கோட்டைப் பக்கம், இங்க வந்து ரொம்ப வருஷம். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்லுல உக்காந்து கடலை கொறிச்சுட்டு, சும்மா வாய் வார்த்தைக்கு, "என்ன வேலைண்ணே?"ன்னு கேட்டேன்.

"ரீடிங் எடுக்குற வேலை தம்பி."

என்ன ரீடிங்ன்னா, இன்கிளினோமீட்டர். சுவருக்குள்ள இறக்கின குழாயில ப்ரோபை விட்டு, அரை மீட்டருக்கு ஒரு தடவ நிறுத்தி, சுவரு எவ்ளோ சாய்ஞ்சிருக்குன்னு எடுக்குறது. ஸ்ட்ரட் லோடும் எடுக்குறாராம். வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி காலையில ஒரு ரவுண்டு. நான் நிமிந்து உக்காந்துட்டேன். அவருக்கு அலர்ட் லெவல், டபிள்யூஎஸ்எல் எல்லாம் தண்ணி பட்ட பாடு (டபிள்யூஎஸ்எல்னா அதுக்கு மேல போனா வேலையை நிறுத்தணும்). நான் நிக்கல் ஹைவே பத்திச் சொன்னேன், அவருக்கு தெரிஞ்சிருந்துச்சு, இண்டக்ஷன்ல வீடியோ போட்டு காட்டினாங்களாம்.

"ஒரு தடவ நைட்ல அலர்ட் தாண்டிருச்சு தம்பி. எனக்கு சந்தேகம், ப்ரோபு சரியா உக்காரலியோன்னு திரும்ப இறக்கி எடுத்தேன். அதே நம்பர். எஞ்சினியருக்கு போன் அடிச்சேன், தூக்கத்துல எடுத்தாரு, ஆனா திட்டல. வந்து பாத்துட்டு தோண்டுறதை நிறுத்திட்டாரு. ரெண்டு நாளு. மேனேஜர்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு சுத்துனாரு."

"நீங்க அந்த நம்பரை கொஞ்சம் கம்மியா எழுதியிருந்தா?"

"ஏன் எழுதணும்? கீழ இறங்குறது நம்ம பயலுவதானே."

நாங்க கிளாஸ்ல கிராஃப்ல புள்ளி புள்ளியா பாக்குறோமே, ஃபீல்டு டேட்டான்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டு தாண்டிப் போறோமே, அதுல ஒவ்வொரு புள்ளிக்கும் இந்த மாதிரி ஒரு அண்ணன் குழாய்கிட்ட குனிஞ்சு நின்னிருக்காரு. இதை நான் எந்த ரிப்போர்ட்லயும் படிச்சதில்ல, பின்னாடி அப்பெண்டிக்ஸ்ல கூட பேரு வராது. என்னைக் கேட்டா, எங்க கோர்ஸ்ல ஒரு வாரமாவது இந்த ஆளுங்களோட காலையில ரீடிங் எடுக்கப் போகணும்னு கட்டாயமாக்கணும். புரொஃபசர்கிட்ட கேக்கப்போறேன், சைட்டுக்குள்ள விட பர்மிட் அது இதும்பாங்க, பாப்போம்.

கிளம்பும்போது அண்ணன், "அந்த தப்பான மெத்தடுன்னு சொன்னியே, அதை இப்ப யாரும் போடுறதில்லையே?"ன்னு கேட்டாரு. இங்க இளகின களிமண்ணுக்கு அப்படிப் போட்டா செக் பண்றவங்க விடமாட்டாங்கண்ணேன்னேன். "அப்ப சரி"ன்னு சொல்லிட்டு டார்ம் (தொழிலாளர் விடுதி) பஸ் பிடிக்க ஓடினாரு, காலையில ரவுண்டு இருக்குன்னு. எனக்கு அடுத்த டுடோரியல் அதேதான், ஒரே குழியை மெத்தட் ஏ-லயும், களிமண்ணோட பலத்தை நேரடியா குடுத்துடற மெத்தட் பி-லயும் பிளாக்சிஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பாத்து சுவரு எவ்ளோ நகருதுன்னு ஒப்பிடணும். பி-யை ஓட விட்டுட்டுத்தான் இதை டைப் பண்றேன், இன்னும் ஓடிட்டிருக்கு. அடுத்த சனிக்கிழமை புலாவ் உபின் தீவுக்கு போலாம்னு அக்கா சொல்லியிருக்காங்க, பன்னெண்டு பேர் சேந்தாதான் படகை எடுப்பாங்க, யாராவது வர்றீங்களா?