திவ்ரியியில் ஒரு பகல்

துருக்கியில், அங்காராவிலிருந்து கார்ஸ் செல்லும் ரயிலில் வருவோர் பலரும் இறங்காமலே கடந்துவிடும் திவ்ரியி, சிவாஸ் மாகாணத்து மலைகளுக்கிடையே இரும்புத்தாதுச் சுரங்கங்களை ஒட்டி அமைந்த சிற்றூர். 1228-இல் இப்பகுதியை ஆண்ட அகமது ஷா இங்கே பள்ளிவாசலையும், இளவரசி துரான் மெலெக் அதையொட்டிய மருத்துவமனையையும் எழுப்பத் தொடங்கினர். 1985-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பள்ளிவாசலின் வடக்கு வாயில் முன் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நின்றேன். கல் இலைகளும் கொடிகளும் சுவரைவிட்டு எழுந்து, இடுக்குகளில் விரல் நுழையும் போலிருக்கும் அளவுக்குப் புடைத்து நிற்கின்றன.

மருத்துவமனைக் கூடத்தின் நடுவில், குவிமாடத்தின் கீழே ஓர் எண்கோணத் தொட்டி இருக்கிறது. நிரம்பிய நீர் சுருள் வடிவ வாய்க்காலில் சுழன்று வடியும் ஓசையால் நோயாளிகளின் மனத்தை ஆற்றினார்கள் என்று சொல்கிறார்கள். அதை நான் மனமார நம்புகிறேன். அந்தச் சுருளின் அருகே வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.