அரக்குக் கடைசல் பொம்மை: பார்த்து வாங்கவும் பழுதில்லாமல் வைக்கவும்

ஒரு வயதுக் குழந்தை எந்தப் பொருளையும் முதலில் வாயில் வைத்துப் பார்க்கும், அடுத்து தரையில் ஓங்கித் தட்டும். இரண்டையும் தாங்கிக்கொண்டு, அந்தக் குழந்தை பள்ளிக்குப் போன பிறகும் வீட்டில் உருண்டுகொண்டிருப்பது அரக்கு ஏற்றிய கடைசல் பொம்மை, அதாவது மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைந்து, மேலே அரக்கு என்ற பூச்சிப் பிசினை ஏற்றியது. கிலுகிலுப்பை, பம்பரம், அடுக்கு வளையம், சொப்புச் சாமான் எல்லாம் இந்த வகைதான். பெங்களூரு-மைசூரு சாலையில் உள்ள சென்னபட்டணாவும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவும் இதற்குப் பேர்போனவை. நம் பக்கம் அம்பாசமுத்திரம். ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறலாம். மரத்தையும் பூச்சையும் பார்க்கத் தெரிய வேண்டும்.

சென்னபட்டணாவில் ஆலெ மரம், ஏட்டிகொப்பாகாவில் அங்குடு என்று சொல்வது நம் வெட்பாலைதான். தோல் நோய்க்குத் தைலம் காய்ச்ச இலை பறிக்கிறோமே, அதே மரம். தந்த வெள்ளை, நெருக்கமான இழை, உளி பட்டால் சிம்பு கிளம்பாது. வரி எடுப்பாகத் தெரியாததால் மேலே ஏற்றும் நிறம் திட்டுத்திட்டாக விழாது.

மரத்தைக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் நிழலில் காயப் போட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது. மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் அதிகமாகவும், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் குறைவாகவும் சுருங்கும். இந்த வித்தியாசத்தால்தான் நடுத்தண்டு உள்ளே இருக்கும் முழு உருளை விளிம்பிலிருந்து மையம் வரை பிளக்கிறது. பொம்மையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வளையங்களின் மையப்புள்ளி அங்கே தெரிந்தால், மெல்லிய கீறலும் ஆரம்பித்திருந்தால், அதை வாங்க வேண்டாம்.

அரக்கு ஏற்றும் முறை அழகானது. அரக்கைக் கரி அடுப்புச் சூட்டில் இளக்கி, நிறப்பொடி சேர்த்து, ஜவ்வு மிட்டாய் போல இழுத்து மடித்து இழுத்து, நிறம் சீரானதும் குச்சியாக உருட்டுவார்கள். பட்டறையில் சுழலும் மரத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, இந்தக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி ஒட்டும். அப்போது அது மேடும் பள்ளமுமாக இருக்கும். தாழை ஓலையை வைத்து அழுத்தினால் பரவிப் பளபளப்பு ஏறும். தனியாக வார்னிஷ் எதுவும் தேவையில்லை. மரத்தில் ஈரம் மிச்சமிருந்தால் அரக்கு சரியாகப் பிடிக்காமல், சில மாதத்தில் சில்லுச் சில்லாகப் பெயரும்.

இந்த முறையிலேயே ஒரு அடையாளமும் இருக்கிறது. சுழலும் பரப்பில் மட்டும்தான் இப்படி அரக்கு ஏற்ற முடியும். ஆகவே உருண்டையான பாகங்களில்தான் அது இருக்கும். தட்டையான பலகைத் துண்டும் அதே அளவுக்குப் பளபளத்தால் அது தூரிகைப் பெயின்ட்டாகவே இருக்கும். சந்தேகமென்றால், பஞ்சில் சானிடைசரைத் தொட்டு அடிப்பக்கத்தில் தேயுங்கள். அரக்கு இளகிப் பிசுபிசுக்கும், நிறமும் பஞ்சில் வரும். நன்கு காய்ந்த எனாமல் பெயின்ட் அப்படி வராது.

சுத்தமான அரக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். கேட்க வேண்டியது அதில் கலந்த நிறத்தை. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சுக்கு ஈயம் கலந்த பொடி மலிவாகக் கிடைப்பதால் அவற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இயற்கைச் சாயம் என்றால் மஞ்சள், அவுரி, செம்மஞ்சள் நிறம் தரும் ஜாப்ரா விதை போன்றவை. இவற்றின் நிறம் சற்று அடங்கியே இருக்கும், மஞ்சள் வெயிலில் வெளுக்கவும் செய்யும். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லையே என்று சிலர் தயங்குகிறார்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஆனால் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், பதிவு பெற்ற புவிசார் குறியீட்டுப் பொருட்களுக்கும் விலக்கு உண்டு. முத்திரை இல்லாவிட்டால் அந்தப் பதிவைக் கேளுங்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் அளவு முக்கியம். பாதுகாப்புச் சோதனைக்கு வைத்திருக்கும் குழாயின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கலாம். சொப்புச் செட்டில் கரண்டி, மூடி, குட்டி டம்ளர் எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். அவற்றை எடுத்து வைத்துவிட்டுப் பெரிய பானையையும் அம்மியையும் மட்டும் கொடுங்கள். அடுக்கு வளையத்தில் துளைக்கும் தண்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகினால், இழுத்துப் பார்த்துச் சலித்துக் குழந்தை அதைத் தூக்கிப் போட்டுவிடும்.

பராமரிப்பில் செய்யும் தப்பு பெரும்பாலும் சுத்தம் செய்வதில்தான். சானிடைசர் அரக்கைக் கரைக்கும். சோடா உப்பும் காரமான சோப்பும் அரிக்கும். தண்ணீரில் ஊறப் போட்டால் வெள்ளை பூக்கும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி, நிழலில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் அரக்கு இளகி, பக்கத்துப் பொம்மையோடு ஒட்டிக்கொள்ளும்.

அரக்கு பெயர்ந்த இடத்தில் 220 எண் உப்புத்தாளால் விளிம்பை மழுக்குங்கள். வெறும் மரம் தெரியும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அது காயாமல் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் நான்கு பங்கும் தேன்மெழுகு ஒரு பங்கும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கி, ஆறியதும் மெல்லப் பூசி, அரை மணி நேரம் கழித்து அழுத்தித் துடைத்தால் போதும். பழைய நிறமே வேண்டுமென்றால் கடைசல் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பொம்மையைத் திரும்பச் சுழற்றப் பிடிமானம் இருக்கிறதா என்று கடைசல்காரர் பார்த்துச் சொல்வார்.